பழைய மோட்டார் சைக்கிளுக்குக் குறைந்த செலவில் இழுவை கூட்டுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் பழைய மோட்டார் சைக்கிளின் மதிப்பே மாறிவிட்டது. 2025 இல் இறக்குமதி திரும்பவும் தொடங்கினாலும், புது வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் நிற்கும் வண்டியையே திருத்தி ஓடுவோம் என்று முடிவெடுத்தவர்கள் பலர். ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர், பஜாஜ் சீ.ரி. 100, அவற்றுக்கும் முந்திய ஹொண்டா எம்.டி. 90 எல்லாம் இன்றும் சந்தைக்கும் வயலுக்கும் வேலைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உரிமையாளர்கள் சொல்லும் குறையும் அநேகமாக ஒன்றுதான்: "முந்தி மாதிரி இழுக்குதில்லை."

இந்தக் குறையோடு கராஜுக்குப் போகும் பொடியன்களுக்கு உடனே கிடைக்கும் ஆலோசனை சைலன்சரை வெட்டு, எயார் பில்டரைக் கழற்று, பெரிய காபரேற்றர் போடு என்பது. நான் அதை ஏற்கவில்லை. ஸ்பிளெண்டரின் 97.2 சீசீ எஞ்சின் புதிதாக இருந்தபோது ஏறக்குறைய ஏழரைக் குதிரைவலு தந்தது. பல ஆண்டுகள் ஓடிய பிறகு அதில் ஒரு பகுதி தேய்மானத்திலும் கரியிலும் தவறிய அளவுகளிலும் போய்விடுகிறது. போனதைத் திரும்ப எடுப்பதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம். கொம்பனி கொடுத்ததற்கு மேல் எடுப்பதற்குச் செலவு அதிகம், பலன் கொஞ்சம். ஆகவே வரிசை முக்கியம். கீழே உள்ள படிகளை மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இது 100 சீசீ அளவிலான, ஒற்றைச் சிலிண்டர், ஃபோர் ஸ்ரோக், காபரேற்றர் வண்டிகளுக்கான வழிகாட்டி. பல்சர் 150 போன்ற கொஞ்சம் பெரிய வண்டிக்கும் முறை இதுதான். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் புத்தகத்தில் பாருங்கள்.

முதல் படி: கை வைக்க முன் அளந்து எழுதுங்கள்

சத்தம் கூடினால் இழுவை கூடியது போலவே தோன்றும். அதனால் காதை நம்ப வேண்டாம். விடிய வெள்ளென, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான வீதித் துண்டு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். மூன்றாவது கியரில் மணிக்கு 30 கிலோமீற்றரில் போய், அக்சிலேற்றரை முழுதாக முறுக்கி, 60 ஐத் தொட எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பாருங்கள். பின்னால் இருப்பவர் போனில் நேரம் பார்க்கட்டும், ஓடுபவர் பார்க்கக் கூடாது. போகும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று எடுத்து இரண்டின் சராசரியை எழுதுங்கள். பண்ணைப் பாலத்திலோ கோப்பாய் - கைதடி வெளியிலோ சோளகம் வீசும் மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் ஓடிப் பார்த்தால் கணக்கு முழுவதும் பிழைக்கும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே இடம், அதே ஆள், அதே பாரம்.

அடுத்தது கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், அளப்பது. மீற்றர் வைத்திருக்கும் கராஜில் சின்னக் காசுக்குப் பார்த்துத் தருவார்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், அக்சிலேற்றர் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், கழற்றிய பிளக் அதன் தொப்பியிலேயே மாட்டப்பட்டு எஞ்சின் உடலில் தொட்டபடி இருக்க வேண்டும். முள் ஏறாமல் நிற்கும்வரை உதையுங்கள். இந்த வகை எஞ்சின்களில் 150 பீஎஸ்ஐக்கு மேல் இருந்தால் உள்ளே நல்ல நிலை. 120 க்குக் கீழே இருந்தால் ஒரு தேக்கரண்டி ஒயிலைப் பிளக் துளையால் விட்டுத் திரும்ப அளவுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாமல் நின்றால் அநேகமாக வால்வு சரியாக மூடவில்லை. இந்த ஒரு சோதனை, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுவதா, சிலிண்டரைப் போர் செய்வதா (உட்சுவரைக் கடைந்து அகலமாக்குவதா) என்ற பெரிய செலவுக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: பிடித்து இழுப்பதை விடுவியுங்கள்

நடு ஸ்ராண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சில்லைக் கையால் சுற்றிவிடுங்கள். ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் நின்றால் பிரேக் உரசுகிறது, அல்லது செயின் இறுக்கம், அல்லது பெயாரிங் போய்விட்டது. பிரேக் ட்ரம்மைக் கழற்றித் தூசியைத் துடைத்து, பிரேக் விரிக்கும் காம் தண்டுக்கு கொஞ்சம் கிறீஸ் வையுங்கள். செயின் நடுவில் இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு மேலும் கீழும் ஆட வேண்டும். ரயர் காற்றை வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுப்படி வையுங்கள். ஏழு குதிரைவலு எஞ்சினில் இந்த உரசல்கள் நன்றாகவே தெரியும்.

கிளச்சையும் இப்போதே பாருங்கள். நான்காவது கியரில் முறுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். காருக்கு விற்கும் ஒயிலை ஊற்றினாலும் வழுக்கலாம், ஏனென்றால் அதில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கை இருக்கும், நமது கிளச் தட்டுகளோ அதே ஒயிலுக்குள்தான் நிற்கின்றன. போத்தலில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: மூச்சு

வலிகாமத்துச் செம்மண் தூசி எவ்வளவு நுண்மையானது என்று தோட்டம் செய்பவர்களுக்குத் தெரியும். இணுவில், கோண்டாவில், புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஒழுங்கைகளில் ஓடும் வண்டியின் எயார் பில்டரை புத்தகத்தில் சொன்ன தூரத்துக்குப் பாதியிலேயே பார்க்க வேண்டும். பஞ்சு பில்டர் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, நிழலில் காயவிட்டு, எஞ்சின் ஒயிலில் நனைத்து, திரும்பவும் நன்றாகப் பிழிந்து போடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கிழியும், உள்ளங்கைக்குள் வைத்து அழுத்துங்கள். தாள் பில்டரைக் கழுவக் கூடாது. உள்ளிருந்து வெளியே காற்று அடித்துப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி வராத அளவுக்கு அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பில்டரையே கழற்றிவிட்டு ஓடினால் இழுவை கூடும் என்பது பிழை. பில்டர் பெட்டியின் தடையையும் சேர்த்துத்தான் காபரேற்றரில் பெற்றோல் வரும் சின்னத் துளையான ஜெற்றின் அளவு தீர்மானிக்கப்பட்டது. அதை எடுத்தால் காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்து, எஞ்சின் சூடேறித் திணறும். அந்தச் செம்மண் நேராகச் சிலிண்டருக்குள் போய் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் அரைக்கும். பில்டர் இல்லாத வண்டிக்கு இந்த மண்ணில் ஆயுள் கிடையாது.

மறுமுனையில் சைலன்சர். பழைய வண்டியில், அதுவும் ஒயில் எரிந்த வண்டியில், உள்ளே கரி படிந்து வழி சுருங்கியிருக்கும். உள்குழாய் கழற்றக்கூடிய வகை என்றால் கழற்றிச் சுரண்டுங்கள். பொருத்தும்போது ஹெட்டோடு சேரும் இடத்தில் புது கஸ்கெற் போடுங்கள். உள்குழாயை எறிந்துவிட்டு ஓட வேண்டாம். சின்ன எஞ்சினில் நடு வேக இழுவை போகும், சத்தத்துக்குப் பொலிஸ் வழக்கும் வரும்.

நான்காம் படி: தீப்பொறி

புது பிளக் ஒன்று இந்தப் பட்டியலிலேயே மலிவான சாமான். இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். பிளக் வயரின் நுனியில் பச்சை பிடித்திருந்தால் அரைச் சென்ரிமீற்றர் வெட்டிப் புதிய இடத்தில் தொப்பியைத் திருகுங்கள். குருநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்று கடற்காற்றுப் படும் இடங்களில் நிற்கும் வண்டிகளில் கொயிலின் ஏர்த் பிடிக்கும் ஆணிதான் அநேகமாகக் குற்றவாளி. கழற்றி, அரத்தாளால் மினுங்கத் தேய்த்து, கிறீஸ் தடவிப் பூட்டுங்கள்.

பொயின்ற் (பொறி வருவதற்காக மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய ஹொண்டாக்களில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். இடைவெளி மாறினால் பொறி வரும் நேரமும் மாறும், ஆகவே முதலில் இடைவெளி, பிறகு நேரம். எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரமான மக்னெற்றில் உள்ள எஃப் கோடு உடலில் உள்ள குறிக்கு நேரே வரும்போது பொயின்ற் சரியாகத் திறக்கத் தொடங்க வேண்டும். பொயின்ற்றுக்குப் பதிலாக சீடிஐ என்ற மின்னணுப் பெட்டி வைத்த வண்டியில் செய்ய அதிகம் இல்லை.

ஐந்தாம் படி: டப்பெட்

டப்பெட் என்று நாம் சொல்வது வால்வு நுனிக்கும் அதை அமுக்கும் ரொக்கருக்கும் இடையில் விட வேண்டிய சின்ன இடைவெளியை. காசு செலவே இல்லாமல் இழுவை திரும்பும் வேலை இது. ஆறுதலாகச் செய்யுங்கள்.

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் செய்வது நல்லது. பிளக்கைக் கழற்றுங்கள், எஞ்சின் லேசாகச் சுழலும். இடப்பக்கத்து மக்னெற் மூடியில் உள்ள இரண்டு தொப்பிகளையும் கழற்றி, நடுவில் உள்ள நட்டை ஸ்பனரால் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். மேலே உள்ள சின்னத் துளையில் ரி என்ற எழுத்தின் கோடு உடலில் உள்ள வெட்டுக்கு நேரே வந்ததும் நிறுத்துங்கள். ஹெட்டில் இருக்கும் இரண்டு டப்பெட் மூடிகளையும் திறந்து, இரண்டு ரொக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் சிறிதாக ஆட வேண்டும். ஆடாமல் இறுகியிருந்தால் பிஸ்டன் வேறு வீச்சில், வால்வு திறந்திருக்கும் சுற்றில், நிற்கிறது. இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திரும்ப ரி கோட்டுக்கு வாருங்கள்.

ஸ்பிளெண்டரிலும் பழைய ஹொண்டா 90 வகைகளிலும் இரண்டு வால்வுக்கும் அளவு 0.05 மில்லிமீற்றர். அந்த அளவுத் தகட்டை வால்வு நுனிக்கும் ரொக்கரின் ஆணிக்கும் இடையில் விட்டு இழுங்கள். மெல்லிய பிடிப்போடு வர வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது ஆணி சேர்ந்து திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு திரும்பவும் தகடு விட்டுப் பாருங்கள். பலர் விடும் இடம் இதுதான். முதலில் சரியாக இருந்தது, பூட்டிய பிறகு இறுகியிருக்கும்.

டிக் டிக் சத்தத்தை அடக்குவதற்காக டப்பெட்டை இறுக்கி வைப்பதைப் பல கராஜ்களில் காணலாம். சத்தம் போகும், வண்டிக்காரர் சந்தோசமாகப் போவார். ஆனால் எஞ்சின் சூடானதும் வால்வு தண்டு நீண்டு, இருக்கையில் முழுதாக உட்காராமல் நிற்கும். கொம்பிரஷன் அதன் வழியே போகும், கொஞ்சக் காலத்தில் எக்ஸோஸ்ற் வால்வின் விளிம்பு எரிந்துவிடும். மெல்லிய டப்பெட் சத்தம் நல்ல எஞ்சினுக்கு உரியதுதான்.

ஆறாம் படி: காபரேற்றர்

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் வந்த கியூஆர் பங்கீட்டுக் காலத்தில் போத்தல்களில் சேர்த்து வைத்த பழைய பெற்றோலை ஊற்றி ஓடிய வண்டிகளும், மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிகளும் ஏராளம். அதன் பிசின் இன்னும் ஜெற்றுக்குள் இருக்கலாம். கிண்ணத்தைக் கழற்றி, மெயின் ஜெற்றையும் (முழு அக்சிலேற்றருக்கு) பைலற் ஜெற்றையும் (ஐட்லிங்குக்கு) திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். துளை வட்டமாக, சுத்தமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, பித்தளைத் துளை அகன்றுவிடும். மெல்லிய தங்கூசி நூல்தான் இதற்குச் சரியான கருவி. பிறகு காற்று அடியுங்கள்.

காபரேற்றரை எஞ்சினோடு சேர்க்கும் துண்டையும், அதன் ரப்பர் வளையத்தையும் வடிவாகப் பாருங்கள். அங்கே ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் என்ன செய்தும் செற்றிங் நிற்காது. எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தைச் சுற்றிச் சிறிது டபிள்யூடி 40 அடியுங்கள். ஓட்டம் மாறினால் காற்று உள்ளே போகிறது.

இனிச் செற்றிங். ஊசியின் கிளிப் நடுப் பள்ளத்தில் இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும் ஸ்குரூ எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் பெற்றோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும். பத்து நிமிடம் ஓடிச் சூடாக்கிய பிறகு, இந்த ஸ்குரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி ஐட்லிங் மிக உயர்வாக வரும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு ஐட்லிங் ஆணியால் ஓட்டத்தைக் குறையுங்கள். இரண்டையும் இன்னொரு முறை செய்யுங்கள்.

மெயின் ஜெற் சரியா என்பதை பிளக்தான் சொல்லும். வெறுமையான வீதியில், வேக வரம்பு தாண்டாத கியரில், முக்கால் அக்சிலேற்றருக்குக் குறையாமல் கொஞ்சத் தூரம் ஓடுங்கள். அப்படியே கிளச்சைப் பிடித்து, சாவியை நிறுத்தி, ஓரமாக உருளவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தேயிலைச் சாயம் போன்ற மண்ணிறம் நல்லது. வெள்ளையாக வெளிறியிருந்தால் பெற்றோல் போதாது, ஒரு எண் பெரிய ஜெற் போடுங்கள். கறுத்துப் புகை படிந்திருந்தால் கூடிவிட்டது. சந்தேகம் என்றால் கொஞ்சம் பெற்றோல் கூடுதலான பக்கமே நில்லுங்கள். நமது பங்குனி, சித்திரை வெயிலில் பெற்றோல் குறைந்த கலவை பிஸ்டனை உருக்கிவிடும்.

இந்த ஆறு படிகளுக்குப் பிறகு முதல் படியில் எழுதிய நேரத்தோடு ஒப்பிடுங்கள். கொம்பிரஷன் நன்றாக இருந்த வண்டி என்றால் பெரும்பாலானோருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஏழாம் படி: ஹெட் வேலை

ஒயில் விட்டும் கொம்பிரஷன் ஏறாத வண்டிக்கு இது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையிலும் எக்ஸோஸ்ற் துளையிலும் இருக்கும் கரியை மரக்குச்சியாலோ பித்தளைத் தகட்டாலோ சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம், அலுமினியம் கீறும். வால்வுகளைக் கழற்றி கிரைண்டிங் பேஸ்ற் பூசி, இருக்கையில் வைத்து உருட்டுங்கள். விளிம்பு முழுவதும் அறுபடாத சாம்பல் நிறக் கோடு வந்ததும் நிறுத்துங்கள். பேஸ்ற்றைத் துளிகூட இல்லாமல் கழுவி, வால்வையும் ஸ்பிரிங்கையும் பூட்டி, துளைக்குள் பெற்றோல் ஊற்றி வையுங்கள். கீழே கசியாவிட்டால் வேலை சரி. வால்வு சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

இதே நேரத்தில் காபரேற்றர்த் துண்டின் வாயும் ஹெட்டின் துளையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கஸ்கெற்றை வைத்துக் கோடு போட்டு, துருத்தும் விளிம்பை மட்டும் அரத்தால் எடுங்கள். துளையை அகலமாக்க வேண்டாம். சின்ன எஞ்சினில் காற்று வேகமாகப் போவதுதான் கீழ் வேக இழுவையைத் தருகிறது.

எட்டாம் படி: போரும் ரிங்கும்

ஒயில் விட்டதும் கொம்பிரஷன் ஏறிய வண்டிக்கு இது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பெரியவர்கள் மறக்க மாட்டார்கள். ஸ்ரார்ட் எடுக்கத்தான் சூப்பிப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரில் இறங்கி ஒயிலைக் கழுவிவிடும், ரிங் வறண்டு தேயும். அந்தக் காலத்தைக் கண்ட எம்.டி. 90 உங்கள் வீட்டில் நின்றால் சிலிண்டரை அளக்காமல் நம்ப வேண்டாம்.

போர் அளவுகள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று ஏறும். எவ்வளவு குறைவாக ஏற்றிச் சுத்தம் பண்ண முடியுமோ அவ்வளவோடு நிறுத்துங்கள், அடுத்த முறைக்கு இடம் இருக்கும். 1.00 போட்டால் வலு கூடும் என்று சொல்வார்கள். கணக்குப் பாருங்கள்: ஸ்பிளெண்டரின் 50 மில்லிமீற்றர்ச் சிலிண்டர் 51 ஆனால் 97.2 சீசீ 101 சீசீ ஆகும். நான்கு சதவீதம். நீங்கள் உணரும் பெரிய மாற்றம் புது ரிங் கொம்பிரஷனைப் பிடிப்பதால் வருவது.

ஸ்ரான்லி வீதிப் பக்கத்துக் கடைகளில் பிஸ்டன் செற்றை முதலில் வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய் லேத் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் செய்ய வேண்டும், பெட்டியில் எழுதிய எண்ணைப் பார்த்து அல்ல. ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் விட்டு வாய் இடைவெளியை அளவுங்கள். 50 மில்லிமீற்றர்ச் சிலிண்டரில் 0.2 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். வாய் முட்டினால் சூட்டில் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும்.

ஒன்பதாம் படி: உண்மையிலேயே கூட்டுவது

எல்லாம் சரியான பிறகும் இன்னும் வேண்டும் என்றால் மலிவான வழி செயின் செற். முன் பல்லுச்சக்கரம் 14 இல் இருந்து 13 ஆனால் பின் சில்லில் இழுவை ஏறக்குறைய எட்டுச் சதவீதம் கூடும், உச்ச வேகம் ஏறக்குறைய ஏழு சதவீதம் குறையும். சுன்னாகம் சந்தைக்கு வெங்காய மூட்டை ஏற்றுபவருக்கு இது தங்கமான மாற்றம். ஏ9 வீதியால் அடிக்கடி வவுனியா போய் வருபவர் தொட வேண்டாம்.

அடுத்தது ஹெட்டை லேத்தில் மெல்லிதாகச் சீவுவது. 9:1 கொம்பிரஷன் விகிதம் உள்ள 97 சீசீ எஞ்சினில் அரை மில்லிமீற்றர் சீவினால் விகிதம் 9.7 வரை போகும். 92 ஒக்ரேன் பெற்றோலில், நமது சூட்டில், பாரம் ஏற்றும்போது தட்டல் சத்தம் கேட்கும் எல்லைக்கு அது கிட்ட வருகிறது. ஆகவே 0.3 இல் நிறுத்துங்கள். தட்டல் கேட்டால் 95 ஊற்றுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் தடித்த கஸ்கெற் போட்டு விகிதத்தை இறக்குங்கள். எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் ஓட முடியாது.

பிரேக் லைனரும் ரயரும் தேய்ந்திருக்கும் வண்டியில் இந்த ஒன்பதாம் படியைத் தொடவே வேண்டாம். அந்தக் காசை முதலில் அவற்றுக்குப் போடுங்கள்.

பூட்டிய பிறகு

போர் செய்த எஞ்சினை முதல் 500 கிலோமீற்றருக்கு பாரமும் முழு அக்சிலேற்றரும் இல்லாமல் ஓடுங்கள். ஆனால் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட வேண்டாம். ஏற்றி இறக்கி ஓடினால்தான் ரிங் சுவரோடு படியும். 300 இல் ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள், வடிந்ததை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். மெல்லிய மினுக்கம் வழமை, துகள் துகளாக இருந்தால் கழற்ற வேண்டும். 500 இல் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் நட்டுகளைக் குறுக்குவாட்டாக, புத்தகத்தில் சொன்ன இறுக்கத்துக்குத் திரும்ப இறுக்கி, டப்பெட்டை 0.05 க்கு வைத்து, கொம்பிரஷனை இன்னொரு முறை அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.